அப்பா உட்கார்ந்த பிறகுதான் விமானம் இறங்கியது

அக்கா, உன்னை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே "அக்கா" என்று கத்துவேன். இப்போதும் வாய் தானாகக் கத்திவிடுகிறது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். நானும் கால் கழுவப் போய்விடுகிறேன்.

எல்லாவற்றையும் உன்னிடம் பேசுவது போலவே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இரண்டு வரிக்கு மேல் போனால் அழுகை வருகிறது. அதனால் மற்றவர்களுக்குச் சொல்வது போல் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் வரும்.

எங்கள் தோட்டத்துக்கு அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நான் அவர் பின்னால் போய் உதிர்ந்த பழம் பொறுக்குவேன். அக்கா மட்டும் கோல சிலாங்கூரில் படித்து ஐந்தாம் படிவம் பாஸ் பண்ணினாள். ஒருநாள் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன் என்று சொல்லி கோலாலம்பூருக்கு இன்டர்வியூ போனாள். அடுத்த மாதம் கடிதம் வந்தது. விமானத்தில் ஸ்டூவர்டஸ் வேலை.

லயத்து வீடுகளில் எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டு அம்மா மட்டும் குழாயடியில் அப்பாவை நிறுத்தி, "ப்ளேன்ல ஆளுங்களுக்குச் சோறு போடுற வேலையாமே?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "நான் கீழ அன்னதானம் போடுறேன், எம்மக மேல போடுறா."

அப்பா அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாச் சாப்பாடு என்றால் சாம்பார் வாளி அப்பா கையில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. நம் வீட்டு ஆள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது நாம் பந்தியில் உட்காரக் கூடாது. அப்பா பரிமாறினால் அம்மா தண்ணீர் ஊற்றுவார், நாங்கள் இலை எடுப்போம். கடைசி ஆள் கை கழுவின பிறகுதான் எங்களுக்கு இலை. சின்ன வயதில் ஒரு தடவை பசி தாங்காமல் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. "ஒங்கக்கா அங்க எல எடுக்குறா, நீ இங்க ஒக்காந்திருக்க," என்றார். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்ததே இல்லை.

அக்காவுக்குப் பயிற்சி மூன்று மாதம். லீவு கிடைத்தால் பஸ் பிடித்து வந்துவிடுவாள். வந்ததும் வீட்டு நடுவில் இரண்டு பெஞ்சியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவாள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அது அவளுடைய சீட். நான்தான் பயணிகள் எல்லாரும்.

"சோறு போடுறதுக்கா இவ்வளவு பாடம்?" என்று கேட்டேன்.

"சோறு போடுறது சுலபம் லா. எறங்குறதுக்கு முன்னால செய்யுற வேலதான் பெருசு."

"எறக்குறது பைலட்டு தானே?"

"அவரு ப்ளேன எறக்குவாரு. உள்ள இருக்குற ஆளுங்கள யாரு பாக்குறது? நாங்கதான்."

அவள் சொல்லிக்கொண்டே செய்வாள். முதலில் கப்பு, தட்டு, குப்பை எல்லாம் வாங்கிவிட வேண்டும். எதுவும் ஆள் கையில் இருக்கக் கூடாது. விமானம் தரையில் இடித்தால் கப்பு பறக்கும், அடுத்தவர் முகத்தில் போய் அடிக்கும். பிறகு முன்னால் விரித்திருக்கும் குட்டி மேசையை மடித்துக் கொக்கி போட வேண்டும். சாய்ந்திருக்கும் சீட்டை நிமிர்த்த வேண்டும். சாய்ந்திருந்தால் பின்னால் இருக்கிறவர் அவசரத்துக்கு வெளியே வர முடியாது. பையெல்லாம் சீட்டுக்கு அடியில். சிகரெட்டை அணைக்கச் சொல்ல வேண்டும். கக்கூசில் யாரும் இல்லை என்று பார்த்துப் பூட்ட வேண்டும். கடைசியில் பெல்ட்.

நான் விதவிதமாக இம்சை பண்ணுவேன். ஒரு தடவை தூங்குகிற ஆளாக இருந்தேன். அவள் தோளை மெதுவாகத் தட்டி, "சார், பெல்ட் போட்டுக்குங்க," என்றாள்.

"நான் சார் இல்ல, மண்டோர்," என்றேன் கண்ணைத் திறக்காமல், எங்களை வேலை வாங்கும் ஆள் மாதிரி.

"மண்டோரா இருந்தாலும் பெல்ட் போடணும்."

"எனக்கு இப்ப ஒண்ணுக்கு வருது."

"இப்ப போக முடியாது சார்."

"அப்ப இங்கயே போவேன்."

அம்மா அடுப்படியில் சிரித்துச் சிரித்து இருமினார். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க சார். எறங்கினதும் மொதல்ல ஒங்களைத்தான் அனுப்புவேன்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் நான் நிஜமாகவே அடங்கிப் போனேன்.

பலகை ஜன்னலை ஏன் திறக்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். விமானத்தில் ஜன்னல் மூடியை மேலே தள்ளிவிட வேண்டுமாம். வெளியே நெருப்பு ஏதாவது இருந்தால் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

"நெருப்பா!"

"இருக்காது லா. இருந்தா."

இன்னொன்றும் சொன்னாள். அதை நான் மறக்கவே இல்லை. கடைசியாக ஒரு தடவை நடந்து போகும்போது கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட வேண்டும். பெல்ட்டைக் கையால், மேசைக் கொக்கியைக் கையால், தலைக்கு மேல் இருக்கும் பெட்டிக் கதவைக் கையால். அப்படி எங்கள் வீட்டு அரிசி டின் மூடியைக்கூட தொட்டுத் தொட்டுப் போவாள். எல்லாம் சரியாக இருந்தால் அவர்களுக்குத் தலைவராக இருக்கும் பெரியவரிடம் போய்ச் சொல்வாள், அவர் பைலட்டிடம் சொல்வார். பிறகுதான் அவள் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். முதுகு நேராக, இரண்டு கையும் தொடைக்கு அடியில். அப்படி உட்கார்ந்து ஒன்றும் பேச மாட்டாள்.

"சாமி கும்பிடுறியா?" என்று கேட்டேன்.

"இல்ல. எந்தக் கதவு, எப்பிடித் தொறக்கணும், யாருக்கு ஒதவி வேணும், எல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கணும். எல்லாரும் ஒக்காந்த பொறகு கடைசியா ஒக்கார்றது நாங்கதான்."

அதைக் கேட்டுக்கொண்டே அப்பா கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுப் பழக்கந்தான்," என்றார்.

பறக்க ஆரம்பித்த பிறகும் வேலை நிலையாகவில்லை. ஒரு மேடம் விமானத்திலேயே வந்து உட்கார்ந்து பார்ப்பார். பார்த்து ஃபைலில் எழுதுவார். அதற்கு செக் என்று பெயர். அதில் தேறாவிட்டால் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் யூனிஃபோமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அக்காவோடு சேர்ந்த ஒரு பெண் அப்படிப் போய்விட்டாள் என்று பயந்துபோய் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பினாங்குக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் மாமா மகள் கல்யாணம். அம்மா ஒரு வாரத்துக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். அப்பா, "எம்மக ஓட்டுற ப்ளேன்ல நான் போவேன்," என்று நின்றார். அவள் ஓட்டவில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு பினாங்கு வேலை இருக்கும் சனிக்கிழமைக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். முதல் நாள்தான் அக்காவுக்குத் தெரிந்தது, அதே பயணத்தில் செக் என்று.

கடைக்கு போன் பண்ணி அப்பாவைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன்.

"அப்பா, நாளைக்கு ப்ளேன்ல நான் ஒங்க மக இல்ல. சரியா?"

"அப்ப நான் யாரு?"

"பயணி."

"சரி லா. நான் ஒன்னப் பாக்கவே மாட்டேன்."

சுபாங் விமான நிலையத்தில் ஏறும்போது அக்கா கெபாயா உடுப்பில் விமான வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள். என்னை விட ஒரு சாண் உயரமாகத் தெரிந்தாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே போய் முன்னால் இருந்தவர் மேல் முட்டினார். எங்களுக்கு ஐந்தாவது வரிசை. நான் ஜன்னல் பக்கம், அப்பா நடைபாதைப் பக்கம். மேடம் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், மடியில் ஃபைல்.

பினாங்கு கிட்டத்தில்தான். ஏறி நிமிர்ந்ததும் ஆரஞ்சுத் தண்ணீரும் கச்சான் கடலையும் கொடுத்தார்கள். கொடுத்து முடித்ததும் திரும்ப வாங்க வேண்டும். அவ்வளவுதான் நேரம். அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கப்பைக் கையிலேயே வைத்திருந்தார், மகளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று.

டிங் என்று ஒரு சத்தம். பெல்ட் விளக்கு எரிந்தது. என் காது அடைத்தது. அக்கா குப்பைப் பையை எடுத்துக்கொண்டு முன் வரிசையில் கப்பு வாங்க ஆரம்பித்தாள். அங்கே ஒரு கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அந்தத் தாய்க்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அக்கா அங்கேயே குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவி காலிக் கப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒங்கக்கா ஒருத்தியா கஷ்டப்படுறா."

"அப்பா, ஒக்காருங்க."

"பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்றியா?"

நான் சட்டையைப் பிடிப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார். கிழவியின் கப்பை வாங்கினார். அடுத்த வரிசையில் இருந்தவரும் கொடுத்தார். அதற்கு அடுத்தவரும் கொடுத்தார். ஒருவர் படித்து முடித்த பேப்பரையும் கொடுத்தார். அப்பா கல்யாண வீட்டுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையும் கறுப்பு சிலுவார் காற்சட்டையும் போட்டிருந்தார். வேலை ஆள் என்றே நினைத்திருப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகக் கப்பை அடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, விமானம் மூக்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா பின்னால் போய்க்கொண்டே இருந்தார். கோயில் பந்தியில் போவது மாதிரியே போனார்.

மேடம் திரும்பிப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார்.

அக்காவும் அப்போதுதான் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள். வந்து அப்பாவின் கையில் இருந்ததைப் பிடுங்கவில்லை.

"அப்பா," என்றாள். சத்தமாகவே சொன்னாள். மகள் இல்லை என்று சொன்னவள் எல்லாரும் கேட்க அப்பா என்றுதான் கூப்பிட்டாள். "ஒக்காருங்க."

"இன்னும் ரெண்டு கப்புதாம்மா."

"அப்பா, நீங்க ஒக்காந்தாத்தான் நான் ஒக்கார முடியும். நான் ஒக்காந்தாத்தான் ப்ளேன் எறங்கும்."

அப்பா கையில் இருந்த கப்பு அடுக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதை அவளிடம் நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் குனிந்து பெல்ட்டை மாட்டி, கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். என்னுடையதையும் இழுத்தாள். மீதி வரிசைகளுக்கு வேகமாகப் போனாள். பெரியவர் முன்னாலிருந்து வந்து இவள் பக்கத்தில் என்ன தாமதம் என்று கேட்டார். அதுவும் எனக்குக் கேட்டது.

கடைசியில் அவள் கதவுப் பக்கத்தில் எங்களைப் பார்த்த மாதிரி இருக்கும் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு கையும் தொடைக்கு அடியில். கண்கள் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தன. அன்றைக்கு அவள் கதவைத்தான் நினைத்தாளா, வேலை போய்விடுமோ என்று நினைத்தாளா, தெரியவில்லை. அப்பாவும் அவளைப் பார்த்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சக்கரம் தரையில் தட்டும்வரை எடுக்கவில்லை.

அந்த செக்கில் அக்கா தேறவில்லை. பயணி எழுந்து நடமாடினார், முடித்ததைச் சொல்லத் தாமதம் என்று எழுதியிருந்ததாம். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது துணி காயப்போடும் இடத்தில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"இன்னொரு தடவ பாப்பாங்க. அதுலயும் போச்சுன்னா வீட்டுக்குத்தான்."

"அப்பாவாலதானே?"

"வாய மூடு டீ. அப்பாவுக்கு இது தெரியவே கூடாது. சாமி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்பா அதற்குள் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் நின்றுகொண்டு, "எம்மகளுக்கு நான்தான் கப்பு எடுத்துக் கொடுத்தேன். கடைசில என்னையே ஒக்கார வச்சிட்டா பாருங்க," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். எனக்கு அப்பா மேல் கோபமாகக்கூட இருந்தது. ஒரு மாதம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தால் பெஞ்சியைப் போட்டு மறுபடியும் மறுபடியும் நடந்து பார்த்தாள். அப்பா வந்ததும் நிறுத்திவிடுவாள்.

இரண்டாவது தடவை தேறிவிட்டாள். அன்றைக்குப் பார்சல் கட்டி மீ கோரேங் வாங்கி வந்தாள். எதற்கு என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் சில மாதமும் பறந்தாள். எத்தனையோ ஊருக்குப் போய் வந்தாள். விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. கொசுக் கடியில் போனாள். டிங்கிக் காய்ச்சல், ஆறே நாள். ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம், "அந்தக் கப்ப எடுத்து வைடீ, தட்டிவுடப் போற," என்றாள். எடுத்து வைத்தேன். ஜன்னல் திரையைத் தள்ளிவிடச் சொன்னாள். தள்ளிவிட்டேன். அவ்வளவுதான் பேசினாள். பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பாள் என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். இதைத்தான் சொன்னாள்.

அவளை வீட்டுக்குக் கொண்டு வந்த நாளிலிருந்து அப்பா உட்காரவில்லை. உறங்கும்போது படுத்தாரே தவிர உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், கோப்பி கொடுத்தார், கிளாஸ் கழுவினார். தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் குழாயடியில் நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியை நாய்க்குப் போட்டார். அம்மா சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். இவரும் போய்விடுவாரோ என்று அம்மா என்னிடம் அழுதார்.

பதினாறாம் நாள் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. கடைசிப் பந்தி முடிந்தது. ஆட்கள் கை கழுவிப் போய்விட்டார்கள். அப்பா காலி வாளியோடு அடுத்து யாருக்கு ஊற்றுவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். மிச்சம் இருந்த இலையை எடுத்தேன். கப்பை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். பெஞ்சியை நேராக்கினேன். ஜன்னலைத் திறந்து கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு அப்பாவிடம் போனேன்.

"எல்லாம் எடுத்தாச்சுப்பா. ஒக்காருங்க."

"நீ ஒக்காரு. எனக்கு வேல இருக்கு."

"நீங்க ஒக்காந்தாத்தான் நான் ஒக்கார முடியும்ப்பா."

அப்பாவுக்கு அது யார் சொன்ன பேச்சு என்று தெரிந்துவிட்டது. வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கும் என்னாலதானே அவளுக்கு லேட்டாச்சு," என்றார்.

எனக்கு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? அந்த மேடம் எழுதுனத நான் பாத்தேன். என்ன எழுத்துன்னு தெரியாது. மொகத்தப் பாத்தா தெரியாதா? ஒரு மாசம் அவ சோறு திங்கல, அதுவுந்தான் தெரியும். நான் கேட்டா அவளுக்குச் சங்கடம். அதான் ஊர் பூரா சிரிச்சுச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இத்தனை நாள் நாங்கள் அப்பாவிடம் மறைத்தோம், அப்பா எங்களிடம் மறைத்திருக்கிறார். அக்கா தெரியாமலே போய்விட்டாள்.

"அக்கா ரெண்டாவது தடவ பாஸ் பண்ணிட்டாப்பா," என்றேன்.

"ம்," என்றார். வாளியைக் கீழே வைத்தார். பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா ஓடி வந்து இலை போட்டார். நான் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினேன். அப்பா பிசைந்து வாயில் வைத்தார். மென்று விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. இலையை வழிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நானும் அம்மாவும் எதிரில் உட்கார்ந்தோம்.

எழுத வந்தது இவ்வளவுதான். எங்கள் அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. எத்தனையோ பேரைப் பத்திரமாக இறக்கிவிட்டவள். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறவர்களோ, யாராக இருந்தாலும் உங்கள் சாமியிடம் அவளுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் எல்லாருக்கும் கடைசியாகத்தான் உட்காருவாள். இனிமேலாவது முதலில் உட்கார அவளுக்கு ஓர் இடம் கொடுக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.